தனியாக ஆலோசனை அறை தொடங்குகிறீர்களா? வருபவர்களின் தகவலைக் காக்கும் வழிமுறைகள்

உளவியல் படித்து முடித்து, அறை பிடித்து, பெயர்ப்பலகை மாட்டுவதுவரை உதவிக்கு ஆள் இருப்பார்கள். வருபவர் சொல்வதை எங்கே எழுதுவது, எவ்வளவு எழுதுவது, யாராவது விசாரித்தால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மருத்துவமனையில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். தனியாகத் தொழில் செய்யும்போது வரவேற்பாளர், ஆவணக் காப்பாளர், கம்ப்யூட்டர் பார்ப்பவர் எல்லாமே நீங்கள்தான். தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒருவர் கவுன்சலிங்குக்கு வந்தார் என்பதே ரகசியம்தான். என்ன பேசினார் என்பதெல்லாம் அப்புறம். வரன் பேசும் நேரத்தில் "அந்தப் பொண்ணு ஏதோ மனசு சரியில்லன்னு எங்கயோ போகுதாம்" என்று ஒரு வார்த்தை போனால் போதும், பேச்சு நின்றுவிடும். அதனால் பெயரையும் வருகையையும்தான் முதலில் காக்க வேண்டும்.

சட்டத்தில் உங்கள் இடம்

மூன்று சட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மனநலம் சார்ந்த தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகளையும் அதுவே சொல்கிறது. அந்தச் சட்டம் 'மனநல வல்லுநர்' என்று வரையறுப்பது மனநல மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் போன்றவர்களை. நீங்கள் அந்த வரையறைக்குள் வராவிட்டாலும் அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைவான எதையும் உங்களிடம் வருபவர் எதிர்பார்க்க மாட்டார்.

இரண்டாவது, 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் தகவலும், காகிதத்திலிருந்து பிறகு டிஜிட்டலுக்கு மாற்றிய தகவலும் இதன்கீழ் வரும். என்ன தகவல், எதற்காக என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதைத் தமிழில் படிக்கும் வசதியும் தர வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஓர் அறை வைத்து நடத்துபவருக்கு அவ்வளவு போடப் போவதில்லை என்றாலும், சிறிய தொழில் என்பதால் நமக்குப் பொருந்தாது என்று இருந்துவிட முடியாது.

மூன்றாவது போக்சோ, அதாவது 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம்: எல்லையைச் சொல்லிவிடுங்கள்

"நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது" என்று மட்டும் சொல்லித் தொடங்குவது தவறு. அது முழு உண்மை இல்லை. வருபவர் மனம் திறந்து பேசிய பிறகு "இதை நான் தெரிவித்தே ஆகணும்" என்று சொன்னால் அது துரோகமாகத்தான் படும். படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வாயால் சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"நீங்க இங்க வந்தீங்க என்பதைக்கூட உங்க அனுமதி இல்லாம யாருக்கும் சொல்ல மாட்டேன். சில நேரத்துல மட்டும் சொல்ல வேண்டி வரும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா, நீங்க குறிப்பிட்ட ஆளைக் கூப்பிடுவேன். வேற யாருக்காவது ஆபத்துன்னா அதைத் தடுக்கிற அளவுக்குச் சொல்லுவேன். 18 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிஞ்சா சட்டப்படி தெரிவிக்கணும். கோர்ட் உத்தரவு வந்தா பதில் சொல்லணும். இதுல எதுவா இருந்தாலும், முடிஞ்சவரை முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

சொன்ன பிறகு, "இதுல ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு நிறுத்துங்கள். கேள்வி கேட்பவர்கள் நிறைய பேர். அந்தக் கேள்வியிலேயே அவர்களுடைய பயம் யாரைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவிக்க வேண்டும். ஆலோசகருக்கு விலக்கு இல்லை. தெரிவிக்காமல் விட்டால் 21ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். 17 வயதுப் பெண்ணும் பையனும் விரும்பிப் பழகியிருந்தாலும், பாலியல் உறவு இருந்தால் சட்டத்தின் பார்வையில் அதுவும் குற்றமே. பதின்ம வயதினர் உங்களிடம் வருவார்கள் என்றால் இந்த எல்லையை அவர்களிடம் இன்னும் தெளிவாக, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எதைச் சொல்வது, எதை இப்போதைக்குச் சொல்லாமல் இருப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தெரிவிக்க வேண்டிய நிலை வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்து வழி கேட்கலாம்.

படிவம்: எதையெல்லாம் கேட்கக் கூடாது

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சந்திப்பில் விவரம் கேட்கும் இன்டேக் படிவம் ஏதோ ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே பயன்படுத்துகிறார்கள். அதில் ஆதார் எண், சாதி, மதம், மாத வருமானம், தந்தையின் தொழில் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது தெரியாவிட்டால் என் வேலை நின்றுவிடுமா?" என்று கேளுங்கள். நிற்காது என்றால் அடித்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத தகவல் உங்களிடமிருந்து கசியாது.

தேவையானவை: எப்படி அழைக்க வேண்டும் என்ற பெயர், வயது, தொலைபேசி எண், தற்போது சாப்பிடும் மருந்து, பார்க்கும் மருத்துவர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. கடைசியை நிதானமாகக் கேளுங்கள். "அப்பா நம்பர் எழுதுறேன்" என்று அனிச்சையாகச் சொல்பவரிடம், "ராத்திரி பத்து மணிக்கு நான் கூப்பிட்டு, உங்களைப் போய்ப் பாருங்கன்னு சொன்னா, யார் சொல்றது உங்களுக்கு நல்லது?" என்று கேட்டால், அது அக்காவாகவோ விடுதித் தோழியாகவோ மாறும். அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐயும் (டெலி மானஸ்) அப்போதே கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் படிவத்தில் இருக்கட்டும்: "எந்த நேரத்தில் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்?" ட்ரூகாலர் இருக்கும் போனில் உங்கள் எண் 'கவுன்சலிங் சென்டர்' என்ற பெயரோடு ஒளிரலாம். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு என்றால் நிறுவனப் பெயரும் படமும் தெரியும். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் போனில் அந்தப் பெயர் வந்தால், யார் என்று மாமியார் கேட்கத்தான் செய்வார். கணக்கில் உங்கள் சொந்தப் பெயரை மட்டும் வையுங்கள். நினைவூட்டல் செய்தி "நாளை மாலை 5 மணி உறுதிதானே?" என்ற அளவில் நிற்கட்டும்.

குறிப்பு எழுதும் முறை

இதைத்தான் பழக வேண்டும், நாள் ஆகும். வருபவர் பேசியதையெல்லாம் அப்படியே எழுதுவது அக்கறைபோலத் தோன்றும். பின்னாளில் அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

எழுதக் கூடாத விதம்: "கொழுந்தன் மேல் ஈர்ப்பு இருப்பதாகச் சொன்னார். மாமியார் கொடுமைக்காரி. ஆனால் இவர் சொல்வதில் பாதி பொய் என்று தோன்றுகிறது."

எழுத வேண்டிய விதம்: "க14. மூன்றாவது செஷன். தூக்கம் சுமார் 4 மணி நேரம், போன வாரத்தைவிடப் பரவாயில்லை. குடும்ப உறவு சார்ந்த குற்ற உணர்வு பற்றிப் பேசினோம். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டேன், இல்லை என்றார். மூச்சுப் பயிற்சி தொடர்கிறது. அடுத்த முறை: எண்ணப் பதிவேடு."

இரண்டாவது குறிப்பை வைத்து அடுத்த செஷனைத் தாராளமாகத் தொடரலாம். கொழுந்தன் விஷயம் உங்களுக்கு மறந்துவிடாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: உயிராபத்து பற்றிய பேச்சு. என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள், யாரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று அத்தனையும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் மூன்று பேர் கண்ணால் படித்துப் பாருங்கள். வருபவரே படித்தால்? விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் படித்தால்? நீதிபதி படித்தால்? மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, தன் ஆவணத்தைப் பார்க்கும் உரிமையைச் சிகிச்சை பெறுபவருக்குத் தருகிறது. அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்ட முடியாத வாக்கியம் கோப்பில் இருக்கக் கூடாது.

குறிப்பில் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி நோட்டில், தனிப் பூட்டில் இருக்கட்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், பின்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். வஸ்தாமோ என்ற தனியார் உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து சுமார் 33,000 பேரின் விவரங்கள் திருடு போயின. 2020 அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. திருடியவன் முதலில் நிறுவனத்தை மிரட்டினான். பிறகு சிகிச்சைக்கு வந்தவர்களுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, ஆளுக்கு 200 யூரோ கேட்டான். பெயரும் அடையாள எண்ணும் செஷன் குறிப்பும் சேர்ந்தே இருந்ததால்தான் அந்த மிரட்டல் எடுபட்டது. 2021இல் நிறுவனம் திவாலானது. 2024இல் குற்றவாளிக்கு ஆறு வருடத்துக்கும் மேல் சிறை கிடைத்தது. ஆனால் இணையத்தில் போன குறிப்புகள் போனவைதான்.

பூட்டும் கைபேசியும்

காகிதம் என்றால் பூட்டுள்ள பீரோ. சாவி உங்களிடம் மட்டும். வீட்டிலேயே அறை வைத்திருந்தால் அலமாரியை வீட்டாரோடு பகிர வேண்டாம்.

கம்ப்யூட்டர் என்றால் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் அதற்காகவே இருக்கின்றன. மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு எடுக்கும் லேப்டாப்பில் இந்த வேலை வேண்டாம்.

கைபேசியில்தான் நிறைய ஓட்டை. தொழிலுக்குத் தனி எண், முடிந்தால் தனி போன் வாங்குங்கள். 'கவிதா கிளையண்ட்' என்று எண்ணைச் சேமித்தால், கூகுள் கணக்கு வழியாக வீட்டு டேப்லெட்டிலும் அந்தப் பெயர் வந்து நிற்கும். 'க14' என்று சேமியுங்கள். பூட்டிய திரையில் செய்தி தெரிவதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு முழுக் குறியாக்கத்தை அமைப்பில் போய் நீங்களேதான் போட வேண்டும். 'இணைத்த சாதனங்கள்' பட்டியலை அவ்வப்போது பாருங்கள். குறிப்பேட்டைப் போட்டோ எடுத்தால் கூகுள் போட்டோஸ் அதை மேலே ஏற்றிவிடும், ஞாயிற்றுக்கிழமை குடும்பப் படங்களுக்கு நடுவே டிவியில் வந்து நிற்கும். போட்டோவே எடுக்காதீர்கள். போன் ரிப்பேருக்குப் போனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஜெராக்ஸ் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிண்ட் எடுக்கக் கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பும் பழக்கம் நமக்கெல்லாம் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் அந்த ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும். ஒரு சின்ன பிரிண்டர் வாங்கிவிடுங்கள். பழைய தாள்களைப் பேப்பர் கடைக்குப் போடவே கூடாது. பஜ்ஜிப் பொட்டலமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடும். கிழிக்கும் இயந்திரம் இல்லையென்றால் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்குங்கள்.

செஷனை ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். பேசியதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஒட்டிச் சுருக்கம் கேட்கவும் வேண்டாம். ஆன்லைன் செஷன் என்றால் இரண்டு பக்கமும் இயர்போன், கதவு சாத்தியிருக்க வேண்டும். வருபவர் பக்கம் யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பால் வாங்கணும்" என்று அவர் சொன்னால் நீங்கள் உடனே பேச்சை மாற்றிவிடலாம்.

அடுக்குமாடியில் அறை என்றால், வாட்ச்மேன் நோட்டில் பெயர், எண், 'பார்க்க வந்தது யாரை' எல்லாம் எழுதச் சொல்வார்கள். சங்கத்திடம் பேசி, வீட்டு எண் மட்டும் எழுதினால் போதும் என்று ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் போவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவே 20 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். சின்ன ஊரில் இருவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று இருந்தால் போதும். ஆடிட்டருக்குத் தேதியும் தொகையும் பெயரும்தான் வேண்டும், காரணம் வேண்டாம்.

வீட்டார் கேட்கும்போது

தனியாகத் தொழில் செய்பவருக்கு ஹேக்கரைவிடப் பெரிய சோதனை அன்பாகக் கேட்பவர்கள்தான். மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு, வயது 19. ஃபீஸ் கட்டுவது அப்பா. மூன்றாவது வாரம் போன் வரும்: "மேடம், நான்தானே பணம் கட்டுறேன். என்னதான் சொல்றான்?" அவர் வில்லன் இல்லை. ராத்திரி தூங்காமல் கவலைப்படும் மனிதர். ஆனாலும் 18 நிரம்பியவரின் தகவல் அவருக்கே சொந்தம். பணம் கட்டியதால் அது அப்பாவுக்கு வந்துவிடாது.

இதைப் போனில் சமாளிக்கக் கூடாது, முதல் சந்திப்பிலேயே தீர்க்க வேண்டும். மூவரும் உட்கார்ந்து, அப்பாவுக்கு என்ன தெரியலாம் என்று மகன் வாயாலேயே சொல்ல வையுங்கள். "வந்தான், வரலை என்பது தெரியலாம். ஆபத்து இருந்தால் தெரியலாம். மற்றதை நானே சொல்லிக்கிறேன்" என்று பெரும்பாலும் முடியும். அதை எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் போன் வந்தால், "சார், உங்க கவலை புரியுது. அன்னிக்கு நாம பேசினதுக்கு மேல நான் சொல்ல முடியாது. நீங்க என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, ஆனா நீங்க சொன்னீங்கன்னு அவன்கிட்ட நான் சொல்லிடுவேன்" என்று சொல்லலாம். 18 நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது பொது விதி. அப்போதும் இதே மூவர் பேச்சு நடக்கட்டும்.

வரன் விசாரணைக்கு வரும் போன் இதைவிடச் சிக்கலானது. "உங்ககிட்ட இன்னார் வந்தாங்களா?" என்று கேட்பார்கள். வராத ஆளைப் பற்றிக் கேட்டால் "அப்படி யாரும் வரலையே" என்று சொல்லத் தோன்றும், பொய்யும் இல்லையே என்று இருக்கும். அப்படிச் சொல்லிப் பழகிவிட்டால், உண்மையாகவே வந்த ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் மௌனமாக இருப்பதே பதிலாகிவிடும். வந்தவரோ வராதவரோ, எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: "யாரைப் பற்றியும் நான் பேசறதில்லைங்க." உங்கள் கணவர், மனைவி, அம்மா கேட்டாலும் அதேதான்.

கல்யாண வீட்டில் எதிரே வந்தால் நீங்களாக முதலில் பேச வேண்டாம். "வெளியே பார்த்தா நான் தெரியாத மாதிரிதான் போவேன், நீங்களா பேசினா பேசுவேன்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்கும் மனம் கோணாது.

தம்பதியராக வருபவர்களிடம், ஒருவர் தனியாகச் சொன்ன ரகசியத்தை மற்றவரிடமிருந்து மறைப்பீர்களா மாட்டீர்களா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடையில் விதி மாற்ற முடியாது.

போலீஸ், வக்கீல், கோர்ட்

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆலோசகருக்கு அது இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே நிலைதான். நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்காக யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் போன் கோர்ட் உத்தரவு ஆகாது. போலீஸ்காரர் நேரில் வந்து கேட்டால், மரியாதையாக, "எழுத்துப்பூர்வமா கொடுங்க சார், என் வக்கீலைக் கேட்டுட்டுப் பதில் தர்றேன்" என்று சொல்லுங்கள். எழுத்தில் வந்ததும் வருபவருக்குத் தெரிவியுங்கள், உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள், கேட்ட பகுதியை மட்டும் கொடுங்கள். மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதியிடமே தர அனுமதி கேட்கலாம். சம்மன் வந்த பிறகு குறிப்பைத் திருத்துவதும் கிழிப்பதும் கூடவே கூடாது. சுருக்கமாக எழுதிப் பழகியதன் பலன் அன்றைக்குத் தெரியும்.

சக ஆலோசகர்களும் ரிவ்யூவும்

சீனியரிடம் கேஸ் பேசுவது அவசியம். அப்படிப் பேசுவீர்கள் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. 'தாலுகா ஆபீஸில் வேலை, இரட்டைக் குழந்தை, போன வருஷம் கணவர் விபத்து' என்றால் அந்த ஊர்க்காரர் யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊர், வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேஸ் போடும் வழக்கத்தில் சேராதீர்கள். "என்கிட்ட ஒருத்தங்க வந்தாங்க" என்று தொடங்கும் ரீல்ஸும் வேண்டாம். அது தன்னைப் பற்றியதோ என்று உங்களிடம் வந்த அத்தனை பேரும் நினைப்பார்கள்.

கூகுளில் ஒருவர் உங்களைத் திட்டி எழுதினாலும், "நீங்க மூணு செஷன்தான் வந்தீங்க" என்று பதில் போட்டால் அவர் வந்ததை நீங்களே உறுதி செய்தவர் ஆவீர்கள். நல்லதாக எழுதியவருக்கு நன்றி சொல்வதும் அப்படித்தான். இரண்டுக்கும் பதில் போடாமல் விடுங்கள்.

எத்தனை காலம், யார் கையில்

மருத்துவர்கள் உள்நோயாளி ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. நான் அதையே எடுத்துக்கொள்கிறேன்: கடைசி செஷனிலிருந்து 3 வருடம், சிறார் என்றால் 18 நிரம்பியதிலிருந்து 3 வருடம். வழக்கு நடந்தால் அது முடியும்வரை. வருடத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, காலம் கடந்ததை அழித்துவிட்டு, எந்த எண்கள் அழிக்கப்பட்டன என்று மட்டும் எழுதி வையுங்கள்.

தகவல் தொலைந்தாலோ திருடு போனாலோ மறைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். புதிய சட்டத்தின் விதிகள் அமலுக்கு வந்ததும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு, பலர் தள்ளிப்போடுவது. நாளைக்கே நீங்கள் மருத்துவமனையில் படுத்தாலோ இறந்துபோனாலோ பீரோவைத் திறப்பது யார்? உங்கள் வீட்டார் திறக்கக் கூடாது. நம்பிக்கையான இன்னொரு ஆலோசகரிடம் பேசி, அவருக்குச் சாவியும் பாஸ்வேர்டும் கிடைக்கும் வழியை மூடிய உறையில் எழுதி வையுங்கள். நடப்பில் இருப்பவர்களுக்கு அவர் போன் செய்து சொல்ல வேண்டும், வேறு ஆலோசகரிடம் போக விரும்புபவர்களுக்கு வழி காட்ட வேண்டும், மீதிக் கோப்புகளைக் காலம் வந்ததும் அழிக்க வேண்டும். உறை எங்கே இருக்கிறது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.